யாருக்குக் காவு?

ஆடிஷன் முடிந்துவிட்டது. தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்ற வழக்கமான பதில். சாரா அறையை விட்டு வெளியே வருகிறாள். கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறாள். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துப் பிடுங்கிக்கொண்டு அலறுகிறாள். சொதப்பிய நாளில் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை அது. கதவைத் திறந்தால் எதிரே ஆடிஷன் நடத்திய பெண்மணி நிற்கிறார். உள்ளே நடந்தது காதில் விழுந்திருக்கிறது. அவர் முகத்தில் இரக்கம் இல்லை. சற்று முன்வரை இல்லாத ஆர்வம் மட்டும் வந்திருக்கிறது. இப்போது செய்ததை எங்கள் முன்னால் செய்து காட்டு என்கிறார்.

சாரா செய்து காட்டுகிறாள்.

'ஸ்டாரி ஐஸ்' படத்தில் இதற்குப் பிறகு புழுக்கள் வருகின்றன, ரத்தம் வருகிறது, சாத்தானைக் கும்பிடும் கூட்டம் வருகிறது. எனக்கு இந்தக் காட்சி கொடுத்த நடுக்கத்தை அவை எதுவும் கொடுக்கவில்லை. ஒரு பெண்ணின் திறமையை அவர்கள் பார்த்தார்கள், வேண்டாம் என்றார்கள். அவளுடைய வலியைக் கேட்டார்கள். சரக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். அந்த இடத்தில் அவளுக்கு அவமானம் தோன்றவில்லை, நன்றிதான் தோன்றுகிறது.

கெவின் கோல்ஷ், டென்னிஸ் விட்மையர் இருவரும் சேர்ந்து எழுதி இயக்கிய இந்தப் படம் 2014 மார்ச்சில், டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் முதலில் திரையிடப்பட்டது. செலவில் ஒரு பங்கு கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் திரட்டியது. அதிகம் பேர் அறியாத அலெக்ஸ் எஸ்ஸோ சாராவாக நடித்தார். கதை புதிதல்ல. லாஸ் ஏஞ்சலஸில் உருளைக்கிழங்குப் பண்டங்கள் விற்கும் 'பிக் டேட்டர்ஸ்' என்ற உணவகத்தில் இறுக்கமான சீருடை போட்டுப் பரிமாறுகிறாள் சாரா. நண்பர்களும் அவளைப்போலவே சினிமாவுக்காகக் காத்திருப்பவர்கள். ஒருத்தி அவளுக்குக் கிடைத்த வாய்ப்பைத் தட்டிப்பறிப்பவள். இன்னொருவன் வேனிலேயே குடியிருந்துகொண்டு கைக்காசில் படம் எடுக்க நினைப்பவன், அதில் நாயகி சாராதான் என்பவன். அவனுடைய நாயகியாக அவளுக்கு விருப்பமில்லை. அஸ்ட்ரேயஸ் பிக்சர்ஸ் என்ற பழைய கம்பெனி எடுக்கும் படத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போகிறாள். கிரேக்கப் புராணத்தில் அஸ்ட்ரேயஸ் நட்சத்திரங்களுக்குத் தகப்பன். பெயரிலேயே முதலாளி யார் என்று சொல்லிவிடுகிறார்கள்.

நடிகையாகத் துடிக்கும் பெண் சீரழியும் திகில் படங்கள் ஹாலிவுட்டிலும் வெளியிலும் ஒரு தனி வரிசையாகவே வளர்ந்திருக்கின்றன. பேராசை பெருநஷ்டம், அந்தப் பெண்ணின் ஆசைதான் பேய் என்பதுதான் இவற்றைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லப்படுவது. விமர்சனங்களில் மட்டுமல்ல, படங்களின் விளம்பரங்களிலும் இதே தொனி. நான் வேறொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் யார் சாகிறார்கள், யார் தப்பிக்கிறார்கள்? ஊர்த் தேவதை காவு கேட்கிறது என்றால் அந்த ஆடு யார் வீட்டுப் பட்டியிலிருந்து போகிறது என்று கேட்போம் இல்லையா, அந்தக் கணக்கு.

வரிசையின் மூத்த படம் திகில் என்ற கணக்கிலேயே சேராதது: பில்லி வைல்டரின் 'சன்செட் பூலவார்ட்', 1950. ஆனால் பாழடைந்த மாளிகை, நள்ளிரவில் ஒரு குரங்குக்கு நடக்கும் சவ அடக்கம், நீச்சல் குளத்தில் மிதக்கும் பிணம் கதை சொல்வது, எல்லாம் பேய்ப் படத்தின் சாமான்கள்தான். ஊமைப்பட காலத்து நட்சத்திரம் நார்மா டெஸ்மண்டாக நடித்த குளோரியா ஸ்வான்சன், நிஜத்திலும் ஊமைப்பட காலத்து நட்சத்திரம். இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. பாரமவுண்ட் ஸ்டூடியோவிலிருந்து திரும்பத் திரும்பத் தொலைபேசி வருகிறது. தான் எழுதிய திரைக்கதைக்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி, அலங்கரித்துக்கொண்டு, தன் பழைய இசோட்டா ஃப்ராஸ்கினி காரில் போய் இறங்குகிறாள் நார்மா. இயக்குநர் செசில் டெமில் அந்தப் படத்தில் டெமிலாகவே வருகிறார், அன்போடு உட்காரவைக்கிறார். ஸ்டூடியோவுக்கு வேண்டியிருந்தது அந்தக் கார். ஒரு படத்துக்கு வாடகைக்கு. இதை அவளிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் சாகிறவன் யார்? கடன்காரர்களுக்குப் பயந்து ஓடி அவள் வீட்டில் ஒண்டிய, வேலையில்லாத எழுத்தாளன். டெமிலுக்கு மறுநாளும் படப்பிடிப்பு இருக்கும்.

பன்னிரண்டு வருடம் கழித்து ராபர்ட் ஆல்ட்ரிச் 'வாட் எவர் ஹேப்பன்ட் டு பேபி ஜேன்?' எடுத்தார். பெட்டி டேவிஸ், ஜோன் கிராஃபோர்ட். பழைய குழந்தை நட்சத்திரமான தங்கை, சக்கர நாற்காலியில் முடங்கிய அக்காவுக்குச் சாப்பாட்டுத் தட்டில் செத்த எலியை வைத்து மூடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் சுத்தியலால் அடித்துக் கொல்லப்படுகிறவர் வீட்டு வேலை செய்யும் கறுப்பினப் பெண்மணி எல்வைரா. சினிமா ஆசை துளிகூட இல்லாதவர் அவர். படம் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, இரண்டு ஆஸ்கர் வாங்கிய பெட்டி டேவிஸ் வேலை வேண்டும் என்று தொழில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்தார். பாதி கேலி, பாதி நிஜம்.

இந்த வரிசையில் ஓர் ஆண் நடிகனை வைத்துப் பார்க்காமல் கணக்கு முழுமையாகாது. 1968இல் வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி' கர்ப்பிணிப் பெண்ணின் கதை என்றே நமக்குப் பழக்கம். ஆனால் அது முன்னேறத் துடிக்கும் ஒரு நடிகனின் கதையும்தான். கை வுட்ஹவுஸ் டிவி விளம்பரங்களில் நடித்துக்கொண்டிருப்பவன். பக்கத்து வீட்டுக் கிழவர்களோடு ஒப்பந்தம் போடுகிறான். போட்டி நடிகனுக்குத் திடீரென்று பார்வை போகிறது, வேடம் இவனுக்கு வருகிறது. விலையாகக் கொடுத்தது மனைவியின் கருப்பையை. இவன் உடம்பில் ஒரு முடி உதிர்வதில்லை. கடைசியில் மனைவி அவன் முகத்தில் துப்புகிறாள், அதோடு சரி. நடிகனின் பேராசைக்கும் பெண்ணுடம்புதான் பணயம், நடிகையின் பேராசைக்கும் பெண்ணுடம்புதான் பணயம். ரோமன் போலன்ஸ்கி எடுத்த படம் இது என்பதையும், பத்தே வருடத்தில் சிறுமி தொடர்பான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டு அவர் அமெரிக்காவை விட்டு ஓடினார் என்பதையும் இன்று மறந்துவிட்டுப் படம் பார்க்க முடிவதில்லை.

உடம்பு என்று சொல்லும்போது மறுபடியும் முடிக்கு வர வேண்டியிருக்கிறது. சாராவுக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதைப் பார்த்து, இதென்ன மிகை என்று நினைப்பவர்கள் ரீட்டா ஹேவொர்த்தை நினைத்துக்கொள்ளலாம். மார்கரிட்டா கன்சினோ என்பது அவர் பெயர். 1930களில், ஸ்பானிய ஜாடை இருந்தால் பெரிய வேடம் கிடைக்காது என்று பெயரை மாற்றினார்கள், கருங்கூந்தலைச் சிவப்பாக்கினார்கள், அதுவும் போதாமல் நெற்றி சிறியது என்று மயிர்க்கால்களை மின்சாரத்தால் கருக்கி முடிவரிசையையே மேலே ஏற்றினார்கள். ஜூடி கார்லண்டுக்கு எடை கூடாமலிருக்க எம்ஜிஎம் ஸ்டூடியோவில் மாத்திரை கொடுத்த கதை ஊரறிந்தது. அப்போது அவர் சிறுமி. பெக் என்ட்விசில் என்ற 24 வயது நாடக நடிகை 1932 செப்டம்பரில் மலைமேலிருந்த 'ஹாலிவுட்லேண்ட்' பலகையிலிருந்து விழுந்து உயிரை விட்டார். அவர் இறந்த மறுநாளே நல்ல வேடத்துக்கு அழைப்புக் கடிதம் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நம்பாதீர்கள், கதையை முடித்துவைக்க விரும்புகிறவர்கள் கட்டிய கதை மாதிரித்தான் தெரிகிறது. அந்தப் பலகை 1923இல் வீட்டுமனை விற்பதற்காக வைத்த விளம்பரம் என்பது மட்டும் நிச்சயமான செய்தி.

ஜப்பானுக்குப் போவோம். 1997இல் சடோஷி கோன் இயக்கிய 'பெர்ஃபெக்ட் புளூ' அனிமேஷன் படம். என் கணக்கில் இந்த வரிசையிலேயே சிறந்தது இதுதான். 'ஸ்டாரி ஐஸ்' அதற்கு அடுத்து. மிமா என்ற பெண் மூவர் பாட்டுக் குழுவை விட்டுவிட்டு நடிகையாகிறாள். உண்மையில் நடிகையாக வேண்டும் என்பது அவளுடைய ஆசையா, அலுவலகத்தின் கணக்கா என்பதே தெளிவாக இல்லை; பாட்டில் காசு இல்லை, நடிப்பில் இருக்கிறது. அவள் நடிக்கும் டிவி தொடரில் வசனம் கூட்ட வேண்டுமென்றால் ஒரு பலாத்காரக் காட்சியில் நடிக்க வேண்டும் என்கிறார்கள். சரி என்கிறாள்.

அந்தப் படப்பிடிப்பைக் கோன் காட்டும் விதத்தைப் பாருங்கள். காட்சி உச்சத்தில் இருக்கும்போது இயக்குநர் கட் சொல்கிறார். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்கிறார்கள். அவள்மேல் கவிழ்ந்திருக்கும் நடிகன் மெதுவாக மன்னிப்புக் கேட்கிறான். பரவாயில்லை என்பதுபோல் அவள் சிரிக்கிறாள். விளக்கு, கேமரா, மறுபடியும் அலறல். அங்கே ஒருவரும் கெட்டவரில்லை, எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் தொட்டியில் மீன்கள் செத்து மிதக்கின்றன. அதைப் பார்த்த பிறகுதான் உடைகிறாள்: எனக்கு இஷ்டமே இல்லை, ஆனால் எனக்காகப் பாடுபட்டவர்களுக்குச் சங்கடம் கொடுக்க மனமில்லை என்று கட்டிலில் விழுந்து கதறுகிறாள்.

இந்தப் படத்தில் மட்டும் என் கணக்கு மாறுகிறது. அந்தக் காட்சியை எழுதியவர் கொல்லப்படுகிறார். நிர்வாணப் படம் எடுத்த புகைப்படக்காரர் கொல்லப்படுகிறார். அலுவலக முதலாளியும் தப்பவில்லை. கையில் ரத்தம் யாருடையது? படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கொன்றவள் ரூமி, மிமாவின் மேலாளர், அவளும் ஒரு காலத்தில் மேடையில் பாடியவள். வயதாகிவிட்டதால் இன்னொரு பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள். தொழில் துப்பிய பெண்ணே தொழிலின் ஆண்களைத் தீர்த்துக்கட்டுகிறாள். அதற்குக் கோன் அவளைப் பைத்தியமாக்க வேண்டியிருந்தது. புத்தி தெளிவாக இருக்கும் பெண் ஒருத்தி அதைச் செய்யும் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

டேவிட் லின்ச்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' (2001) பற்றி நூல்களே இருக்கின்றன; இங்கே கணக்கு மட்டும். வாய்ப்புக் கிடைக்காத நடிகை, வாய்ப்புக் கிடைத்த நடிகையைக் கூலிக்கு ஆள்வைத்துக் கொல்கிறாள், பிறகு தானும் சாகிறாள். யாரை நாயகியாகப் போட வேண்டும் என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மிரட்டிய கோட்டுக்காரர்கள் காபி நன்றாக இல்லை என்று துப்பியதோடு சரி. 'தி நியான் டீமன்' (2016) மாடல் உலகத்தைப் பற்றியது, பார்க்க அழகாக இருக்கிறது. புதிதாக வந்தவளைப் பழையவர்கள் தின்றேவிடுகிறார்கள். அதைவிட அதிகம் சொல்ல அதில் இல்லை.

டை வெஸ்டின் 'பேர்ல்' (2022) அப்படிப்பட்டதல்ல. 1918, டெக்சாஸ் பண்ணை, ஊரெல்லாம் ஸ்பானிஷ் ஃப்ளூ. முகமூடி கட்டிக்கொண்டு பேர்ல் திருட்டுத்தனமாக சினிமா பார்க்கப் போகிறாள். கணவன் போருக்குப் போயிருக்கிறான். வீட்டில் கண்டிப்பான தாய், அசையமுடியாத தகப்பன். தேவாலயத்தில் நடக்கும் நடனத் தேர்வில் உயிரைக் கொடுத்து ஆடுகிறாள். இன்னும் இளசாக, பொன்னிற முடியோடு ஒருத்தி வேண்டும் என்று அனுப்பிவிடுகிறார்கள். இங்கேயும் முடி. அந்தத் தேர்வுக் குழுவின்மேல் அவள் கோடாரி போவதில்லை. அது அதே தேர்வுக்கு வந்த, கணவனின் தங்கையான மிட்ஸியைத்தான் துரத்துகிறது. அதற்கு முன் தாய், தகப்பன், சினிமா கொட்டகையில் படம் ஓட்டுகிறவன். கடைசியில் போரிலிருந்து திரும்பிய கணவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். மியா கோத் அந்தச் சிரிப்பை எழுத்துகள் ஓடி முடியும்வரை பிடித்துவைத்திருக்கிறார். கன்னம் நடுங்குகிறது, கண்ணீர் இறங்குகிறது, சிரிப்பு மட்டும் விலகவில்லை. திரைக்கதையில் வெஸ்ட்டோடு சேர்ந்து எழுதியவரும் அவர்தான் என்பது அந்த முகத்தில் தெரிகிறது.

கொராலி ஃபர்ஜாவின் 'தி சப்ஸ்டன்ஸ்' (2024) இந்த வரிசையில் ஒரு பெண் எடுத்த படம். ஐம்பதாவது பிறந்தநாளில் டிவி உடற்பயிற்சி நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்படும் எலிசபெத், ஊசி மருந்து போட்டுத் தன் முதுகிலிருந்தே ஓர் இளம்பெண்ணைப் பிறப்பிக்கிறாள். நீக்குகிற முதலாளிக்குப் பெயர் ஹார்வி; அவர் இறால் தின்பதை ஃபர்ஜா காட்டும் நெருக்கத்தில் எனக்கு இறாலே வெறுத்துவிட்டது. படத்தின் உயிர் பின்பாதி ரத்தக் களேபரத்தில் இல்லை. பழைய பள்ளித் தோழன் ஒருவனைச் சந்திக்க எலிசபெத் கிளம்பும் இரவில் இருக்கிறது. உதட்டுச் சாயம் பூசுகிறாள், கண்ணாடி பார்க்கிறாள், கழுத்தை மறைக்கத் துணி சுற்றுகிறாள், திரும்ப வந்து துடைக்கிறாள், மறுபடி பூசுகிறாள், முகம் சிவக்கச் சிவக்கத் தேய்க்கிறாள். கடைசிவரை வாசலைத் தாண்டவில்லை. டெமி மூருக்கு இதற்காக 2025 ஜனவரியில் கோல்டன் குளோப் கிடைத்தது. ஹார்வி? முகமெல்லாம் ரத்தம் தெறிக்கிறது. ரத்தம் அவருடையதல்ல.

இத்தனைக்கும் பிறகு சாராவிடம் திரும்பினால் அவள் செய்வது விளங்குகிறது. இரண்டாவது ஆடிஷனில் இருட்டறையில் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு உடையைக் களையச் சொல்கிறார்கள். அதற்கும் மேலே போனால் தயாரிப்பாளர் கிழவர் தொடையில் கைவைக்கிறார். எழுந்து ஓடிவிடுகிறாள். நான் இந்த ஓட்டத்தை முக்கியமாக நினைக்கிறேன். விட்டுவிட்டு வந்த பரிமாறும் வேலையைத் திரும்பக் கெஞ்சி வாங்கிக்கொள்கிறாள். ஆனால் அதற்குப் பிறகான நாட்களில் அவளுக்கு எதிரே இருப்பது என்ன? அதே சீருடை, நண்பர்களின் அதே நீச்சல் குளக்கரைப் பேச்சு, அடுத்த வருடமும் இதே. ஒரு ராத்திரி அவளே தொலைபேசியை எடுத்துக் கிழவரைக் கூப்பிடுகிறாள். இதைப் பேராசை என்று சொல்லிவிடலாம். எனக்கு அது சலிப்பாகத்தான் தெரிகிறது.

2017 அக்டோபர் 5 அன்று நியூயார்க் டைம்ஸில் ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன்மீதான பாலியல் புகார்களைப் பற்றிய செய்தி வெளிவந்தது. அதற்கு மூன்றரை வருடம் முன்பே இந்தப் படம் அந்த அறையை, அந்த நாற்காலியை, அந்தக் கையைக் காட்டிவிட்டது. ஆனால் படத்தின் பலவீனமும் அங்கேதான். கிழவருக்கு லட்சியத்தைப் பற்றி ஒரு நீண்ட வசனம் வைத்திருக்கிறார்கள். பிறகு சாத்தான் வழிபாட்டையும் சேர்த்துவிடுகிறார்கள். வைன்ஸ்டீனுக்குச் சாத்தான் தேவைப்படவில்லை. வக்கீல்களும், வாயைத் திறக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிய ஒப்பந்தங்களும் போதுமாக இருந்தன. பேயைக் கொண்டுவந்ததும் அந்தக் கம்பெனி வேறு உலகத்துக்காரர்களாகிவிடுகிறது. நமக்கும் மூச்சு விட முடிகிறது.

பின்பாதியை இயக்குநர்கள் ஓர் இடத்தில் மீட்டுவிடுகிறார்கள். உடம்பு அழுகி, நகம் கழன்று, புழு வாந்தியெடுத்து எழுந்த சாரா கத்தியோடு போவது அஸ்ட்ரேயஸ் பிக்சர்ஸுக்கு அல்ல. நண்பர்கள் வீட்டுக்கு. வாய்ப்பைத் தட்டிப்பறித்தவளும் சாகிறாள், தன் படத்தில் நாயகியாகப் போடுகிறேன் என்றவனும் சாகிறான். ஒருவரை உடற்பயிற்சி டம்பெல்லால் அடித்தே கொல்வதைக் கேமரா விலகாமல் பார்க்கிறது. அவளோடு வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் காலி. இது தவறான பழிவாங்கல் என்று சிலருக்குத் தோன்றலாம். தொழில் உண்மையில் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதால் எனக்கு இது சரியாகவே படுகிறது. மேலே இருக்கிறவர்களை அவள் கண்ணால் பார்ப்பதே ஐந்து நிமிடம். பக்கத்தில் நிற்பவர்கள்தான் தினமும் இடிக்கிறார்கள்.

மறுநாள் மண்ணிலிருந்து எழுந்து வருகிறாள். மேனி வழவழவென்று, தலையில் ஒரு முடியில்லாமல். கம்பெனியிடமிருந்து பரிசுப்பெட்டி வந்திருக்கிறது. உள்ளே உடையும் டோப்பாவும். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள். படம் முடிகிறது. இத்தனையும் நடந்தும் அவள் இன்னும் ஒரு ஷாட்டில்கூட நடிக்கவில்லை. அந்தப் படத்தின் படப்பிடிப்பு ஒருமுறைகூடக் காட்டப்படுவதில்லை.

'ஸ்டாரி ஐஸ்' இயக்குநர்கள் இருவருக்கும் ஐந்து வருடம் கழித்து, 2019இல், ஸ்டீபன் கிங்கின் 'பெட் செமட்டரி'யை இயக்கும் வாய்ப்பு வந்தது. கூப்பிட்டது பாரமவுண்ட், நார்மா டெஸ்மண்ட் காரில் போய் இறங்கிய அதே கம்பெனி. அலெக்ஸ் எஸ்ஸோவும் அதே 2019இல் 'டாக்டர் ஸ்லீப்' படத்தில் சிறு வேடம் ஒன்றில் வந்தார். வெண்டி டாரன்ஸ் என்ற அந்தப் பாத்திரத்தை 1980இல் 'தி ஷைனிங்' படத்தில் செய்தவர் ஷெல்லி டூவால். ஸ்டான்லி குப்ரிக்கின் கணக்கற்ற டேக்குகளில் நொந்துபோய், அவர் தன் தலைமுடி கொட்டுவதை இயக்குநரிடமே எடுத்துக் காட்டுவது அந்தப் படப்பிடிப்பைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில் இருக்கிறது.